மூன்று மணிச் சங்கு

ஆலை மூடி இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்குக் கொடிமேட்டில் ஆலைச் சங்கு ஊதியது. சங்கு என்று ஒன்று அப்போது ஊரிலேயே இல்லை. பாய்லர் கூரையின் மேல் செம்புக் குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்த அதை யந்திரங்கள் போன லாரியிலேயே ஏற்றிப் பழைய இரும்போடு விற்றாயிற்று, அந்த லாரிக்காரனும் செத்து மூன்று வருஷம் ஆயிற்று. ஆனாலும் ஊதியது. ஒரே நீளமாக, இடையில் மூச்சு வாங்காமல், மலையில் போய் முட்டித் திரும்பி, ஆற்றின் மேல் படர்ந்து, ஆறு மைல் சுற்றளவில் இருந்த அத்தனை காதுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்தது.

சலூனில் பாதி முகம் சிரைத்திருந்த ஒருவர் துண்டை உதறிவிட்டு எழுந்தார். ரேஷன் வரிசையில் நான்காவது ஆளாக நின்றவர் பையைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். பேரனின் காதுகுத்து விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் சாம்பார் விழுவதற்கு முன்பே இலையை மடித்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அது வேலைக்குக் கூப்பிடும் ஒற்றைச் சங்கு. அது கூப்பிட்டால் போக வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒற்றைச் சங்கு ஊதினால் உள்ளே போவார்கள், மூன்று மணிக்கு இரட்டைச் சங்கு ஊதினால் வெளியே வருவார்கள், இரண்டுக்கும் நடுவில் ஆலை வாசலை யாரும் தாண்டுவதில்லை. ஷிப்டுக்குள் ஒருவன் செத்துப்போனாலும், மணி என்னவாக இருந்தாலும், அவனுக்காக இரட்டைச் சங்கு ஊதி, அன்றைய ஷிப்டை முடித்த பிறகுதான் வாசலைத் தாண்டித் தூக்குவார்கள். அப்படி இருபது, இருபத்தைந்து வருஷம் பழகிய கால்கள். மூடிய ஆலையின் துருப்பிடித்த வாசல் முன்னால், நானூற்றுப் பதினாறு பேரில் உயிரோடு மிச்சமிருந்த நூற்று எழுபது பேரும் பதினொரு மணிக்குள் வந்து நின்றுவிட்டார்கள்.

பிச்சையா கடைசியாக வந்தார். அவர்தான் சங்கச் செயலாளர். ஆலை போன பிறகும் அவர் செயலாளர்தான், ஏனென்றால் அவரை மாற்ற ஒரு கூட்டம் கூட வேண்டும், கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மிச்சப் படிப்பையெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தார். அரைத்தாளில் உலகத்தையே அடக்கி எழுதுபவர்களிடமிருந்து எழுதக் கற்றுக்கொண்டு, பிறகு கொடிமேட்டின் அத்தனை துண்டறிக்கைகளையும் தாமே எழுதினார். சங்கு ஊதியபோது அவர் வீட்டில் மனைவி பேச்சியம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருக்க, அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பீடி இலையைத் தொடமாட்டார். ஆலைத் தொழிலாளி இன்னொரு வேலை பார்த்தால் பழைய வேலையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியை இருபத்திரண்டு வருஷமாக அவள் விரல்கள் தாங்கிக்கொண்டிருந்தன.

அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது உலகநாதன், ஒருகாலத்தில் நூற்புப் பகுதியில் பிட்டராக இருந்தவர், கையில் தூக்குவாளியோடு முன்வரிசையில் நின்றார். "வாங்க செயலாளரே, லேட்டு. அரை நாள் சம்பளம் கட்டு," என்றார்.

சங்கு எங்கேயிருந்து வந்தது என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில், ஆலைக்காரக் குடும்பம் கட்டிய கல்லூரியில், பேண்டு அறையில், பிச்சையாவின் மகள் செங்கதிர், குழாயை இழுத்தும் மடக்கியும் ஊதுகிற பித்தளை வாத்தியமான டிராம்போனை முதல் தடவையாக வாயில் வைத்து ஊதியிருந்தாள்.

அவள் அந்த அறைக்குள் போனதே அவள் பேரால்தான். பெண்பிள்ளைக்கு அந்தப் பேரா என்று பேச்சியம்மாள் அழுதபோது பிச்சையா கேட்கவில்லை. கல்லூரி எழுத்தர் பேரைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைத்து, ஆண்பிள்ளைகள் மட்டும் சேரும் பேண்டு பட்டியலில் எழுதிவிட்டார். எழுதிய பிறகு அடிப்பது அந்தக் கல்லூரியில் வழக்கமில்லை. பேண்டு மாஸ்டர் ஆரோக்கியம், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து, எடுத்துக்கொள் என்றார். ஒரே ஒரு சட்டம் சொன்னார். எந்த வாத்தியத்தில் முதலில் வாய் வைக்கிறாயோ அதுதான் மூன்று வருஷமும். எச்சில் பட்டது மாறாது.

அந்தச் சட்டம் சுகாதாரத்துக்காக என்று மாஸ்டர் சொல்வார். அது எதற்காக என்று ஊருக்குத் தெரியும். அந்த வாத்தியங்களெல்லாம் பழைய ஆலை பேண்டின் வாத்தியங்கள். ஆலையில் எல்லாச் சாதிக்காரர்களும் ஊதியவை. கல்லூரிக்கு வந்தபோது புளி போட்டு மூன்று தடவை தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வெயிலில் காயப் போட்டுத்தான் அலமாரியில் ஏற்றினார்கள். கிளாரினெட், கார்னெட், யூபோனியம் எல்லாம் வருஷா வருஷம் கை மாறின. சாக்குப் பைக்குள் கிடந்த டிராம்போனை மட்டும் யாரும் எடுத்ததில்லை. அதை ஊதியவன் தெற்குக் காலனிக்காரன். எத்தனை புளி போட்டாலும் போகாத எச்சில் என்று ஒன்று அந்த ஊரில் உண்டு.

செங்கதிருக்கு இது எதுவும் தெரியாது. மற்ற ஐந்து பேரும் பளபளப்பானதை எடுத்துக்கொண்டு நிற்க, அவள் சாக்கை அவிழ்த்தாள். அதைத்தான் ஏன் எடுத்தாய் என்று பிச்சையா அன்று சாயங்காலம் கேட்டார்.

"மத்ததுல எல்லாம் விரலு எதை அமுக்குது, சத்தம் எங்கிருந்து வருதுன்னு ஒண்ணும் தெரியலப்பா. இதுல கை எம்புட்டுத் தூரம் போகுது, எப்பத் திரும்பி வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

பிச்சையாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தன் வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டார். அந்த டிராம்போன் யாருடையது என்று அவருக்குத் தெரியும், அதை அவர் சொல்லவில்லை.

ஊர் அந்தச் சங்கை ஒரு வாரத்தில் ஜீரணித்துவிட்டது. அவள் எந்தச் சுரத்தை ஊதினாலும், குழாயை இழுத்து ஊதினாலும் மடக்கி ஊதினாலும், ஒற்றைச் சங்கேதான் வந்தது. ஆகவே கண்ட நேரத்தில் ஊதி ஆட்களை அலைக்கழிக்க வேண்டாம் என்று மாஸ்டர் அவள் பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு மாற்றினார். ஏழு மணிச் சங்கை வைத்துப் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை தொடங்கினார்கள். பஸ் கண்டக்டர்கள் 'ஆலை வாசல்' என்று மறுபடியும் கூவி நிறுத்தினார்கள். அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்காரர் சங்கோடு மோத வேண்டாம் என்று தம் பாட்டைக் கால் மணி நேரம் தள்ளி வைத்தார். சத்தம் அதிகம் என்று பேரூராட்சிக்கு ஒருவர் மனுக் கொடுத்தார். இல்லாத சங்கை அப்புறப்படுத்த வழியில்லை என்று பதில் வந்தது. வாசலுக்கு எதிரே டீக்கடை முளைத்தது, அதை ஒட்டி வடைக்கடை முளைத்தது. பெண்கள் முகம் சுளித்துக்கொண்டே ஆனாலும் சந்தோஷமாகச் சோறு கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் கிடந்து குறை சொல்லிக்கொண்டிருந்த ஆண்கள் ஒருவழியாக வெளியே போய்த் தொலைந்தார்களே என்றிருந்தது.

வாசலில் அவர்கள் நின்ற வரிசையும் பழைய வரிசைதான். வடக்குத் தெருக்காரர்கள் வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். தெற்குக் காலனிக்காரர்கள் தள்ளி, வெயிலில் நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் மரம்தான் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

பேச்சியம்மாள் பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே சொன்னாள். "இருபது வருசமா நீங்க கூப்பிட்டீங்க. கொடி பிடிக்க நாலு பேரு வந்தான். அதுல ரெண்டு பேரு வடைக்கு வந்தான். இவ ஒரு ஊது ஊதுனா, ஊரே போயி நிக்கி."

பிச்சையா பேப்பரைப் புரட்டினார். அவருக்கு அது தைத்தது. நோட்டீஸ் அடித்து, சைக்கிளில் மைக் கட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டும் வராதவர்கள், ஒரு பித்தளைக் குழாய்க்கு வந்து நிற்கிறார்கள். உரிமைக்கு வராதவன் பழக்கத்துக்கு வருகிறான் என்று எழுத வேண்டும் போலிருந்தது. எழுதவில்லை.

ஒரு தொந்தரவுதான் தீரவில்லை. ஒற்றைச் சங்கு ஊதியது, இரட்டைச் சங்கு ஊதவே இல்லை. செங்கதிர் மூன்று மணிக்கும் போய் ஊதிப் பார்த்தாள். நாக்கால் வெட்டி, மூச்சை இரண்டாகப் பிளந்து, ஒரு ஊதலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பத்து எண்ணி ஊதினாலும் அது ஒன்றாகவே சேர்ந்துகொண்டு மலைக்குப் போனது. வேலை முடிந்தது என்று யாரும் சொல்லாததால் அந்த அறுபது, எழுபது வயது ஆட்கள் வெயிலில் நின்றார்கள், மழையில் நின்றார்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சுவரேறிக் குதித்து ஓடுகிறவர்கள் மாதிரி வீட்டுக்கு நழுவினார்கள். மறுநாள் அந்தக் குற்ற உணர்ச்சியோடு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தார்கள். கால்கள் வீங்கின. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஊதாதே என்று செங்கதிரிடம் சொல்லலாம். ஆனால் பேண்டில் பயிற்சிக்கு வராதவர்களைக் கல்லூரியில் இருந்தே எடுத்துவிடுவார்கள், அதுவும் அவள் தகப்பன் பேர் தெரிந்த கல்லூரி. பிச்சையா சொல்லவும் இல்லை. அவர்கள் வந்து நிற்பது அவருக்கு வேண்டியிருந்தது.

அவருடைய வழக்கு அப்படி. ஆலை மூடிய அன்று நடந்தது இதுதான். மதியம் ஒரு மணிக்குப் போலீஸ் உள்ளே வந்தது. தொழிலாளர்கள் தாங்களாகவே வேலையை விட்டு வெளியேறினார்கள் என்று காட்ட நிர்வாகத்துக்கு இரட்டைச் சங்கு தேவைப்பட்டது. அந்தச் சங்கு ஊதவில்லை. பிறகு தடியால் அடித்துத்தான் வெளியேற்றினார்கள். ஆகவே எங்கள் ஷிப்டு முடியவில்லை, நாங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறோம் என்று பிச்சையா எழுதினார். முதலில் துண்டறிக்கையில் எழுதினார், பிறகு மனுவில் எழுதினார், வக்கீல்கள் சிரித்தார்கள், ஒரு நீதிபதி சிரிக்காமல் படித்தார். அந்த ஒரு வாக்கியத்தால் வழக்கு உயிரோடு கிடந்தது. வழக்கு உயிரோடு கிடந்ததால் ஆலைக்காரர்களால் அந்த நிலத்தை விற்க முடியவில்லை. பிச்சையா தம் வாழ்க்கையில் ஜெயித்தது அந்த ஒரு வாக்கியம்.

ஆனால் அந்தச் சங்கு ஏன் ஊதவில்லை என்பதை அவர் எங்கேயும் எழுதியதில்லை.

அதைச் செங்கதிருக்குச் சொன்னவர் உலகநாதன். அவள் ஒரு நாள் கல்லூரி முடிந்து, டிராம்போனைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஆலை வாசல் வழியாக வந்தாள். வீங்கிய காலைக் கல்லில் நீட்டி உட்கார்ந்திருந்தவரிடம், மன்னிச்சிருங்க பெரியப்பா, எனக்கு ஒத்தச் சங்குதான் வருது என்றாள்.

"உனக்கு எப்படி வரும்," என்றார் அவர். "உள்ள விடுறதுக்கு யாரு வேணாலும் ஊதலாம். வெளிய விடுறதுக்கு அவன்தான் ஊதணும்."

"யாரு?"

உலகநாதன் வெயிலில் நின்ற காலனிக்காரர்கள் பக்கம் பார்த்தார். நிழலில் நின்ற தம் தெருக்காரர்கள் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் கையில இருக்குல்லா, அந்த இழுப்பு வாத்தியம், அத ஊதுனவன். அவன்தான் பாய்லர்ல சங்கும் ஊதுனான். பேர உங்க அப்பாட்ட கேளு. அவரு வாயால சொன்னாத்தான் அவன் ஊதுவான். அவருக்கு எல்லாரு பேரும் தெரியும்."

அவள் கேட்டாள். பிச்சையா சோறு தின்றுகொண்டிருந்தார். பாய்லரில் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்றார். அவள் மேலே கேட்கவில்லை. மறுநாள் தகரப் பெட்டியைத் திறந்து, அந்த வருஷத்துத் துண்டறிக்கையை எடுத்து, அடிபட்டவர்கள் பட்டியலில் இருந்த பதினோரு பேரையும் படித்துவிட்டு, திருப்பி வைத்துப் பெட்டியை மூடினாள். அவர் பார்க்கும்படியாகத்தான் மூடினாள்.

பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது பேர் ஏசுவடியான். தெற்குக் காலனி. நிரந்தரமில்லாத பதிலி ஆள், சங்கத்தில் உறுப்பினர் இல்லை, ஏனென்றால் சங்கம் அவனைச் சேர்க்கவில்லை. அன்று ஒரு மணிக்கு மேனேஜர் வந்து இரட்டைச் சங்கு ஊது என்றபோது, மூன்று மணி ஆகவில்லை என்று சொன்னான். மறுபடி சொன்னபோதும் மணியைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். சங்குக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அது இழுபடாதபடி மேலே உட்கார்ந்துகொண்டான். கயிற்றை அறுத்து, அவனைக் கீழே தள்ளி அடித்தார்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். அச்சுக்குப் போகும் முன் பட்டியலில் அவன் பேர்தான் முதலில் இருந்தது. பிச்சையாதான் அப்படி எழுதியிருந்தார். கமிட்டியில் இருந்த வடக்குத் தெருக்காரர்கள் படித்துப் பார்த்துவிட்டு, அவன் பேரை முதலில் போட்டால் நம்ம தெருவில் ஒருவனும் ஊர்வலத்துக்கு வரமாட்டான் என்றார்கள். அவர் கடைசியில் போட்டார். கடைசியிலும் வேண்டாம் என்றார்கள். ஒற்றுமை கருதி என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்தார். ஏசுவடியான் மனைவி ஞானப்பூ வந்து கேட்டபோது, அரைத்தாளில் இடம் போதவில்லை அம்மா என்றார். அப்படியும் ஊர்வலத்துக்கு அறுபது பேர்தான் வந்தார்கள்.

இதற்குள் கல்லூரித் தாளாளர், ஆலை நிறுவனரின் பேரன், யோசிக்க ஆரம்பித்திருந்தார். முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பிறகு, வெளியூர் விருந்தாளி ஒருவர் காரில் போகும்போது வாசலில் நின்ற கிழவர்களைப் பார்த்து, மூடிய பிறகும் முதலாளியைத் தேடி வருகிறார்களா, என்ன விசுவாசம் என்று சொன்னார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் மாறியது. மறுவாரமே கல்லூரிக் கையேட்டின் அட்டையில் கிழவர்களின் படம் வந்தது. 'அழைத்தால் இன்றும் வரும் எங்கள் குடும்பம்' என்று கீழே போட்டிருந்தது. நிறுவனர் நாள் விழாவை இந்த வருஷம் ஆலைக்குள்ளேயே நடத்துவது என்று முடிவாயிற்று. இருபத்திரண்டு வருஷம் திறக்காத வாசலுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். முள்ளை வெட்டிப் பந்தல் போட்டார்கள். செங்கதிர் ஊத, தொழிலாளர்கள் அணிவகுத்து உள்ளே வர, மேடையில் இருப்பவர்கள் கைதட்ட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தார்கள்.

போகக்கூடாது என்று பிச்சையா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒருவர் கேட்டார், சங்கு ஊதுமா ஊதாதா. ஊதும் என்றார் பிச்சையா. அப்போ போகணும்லா என்றார் அவர்.

அன்று பத்து மணிக்கு ஊதியது. அவர்கள் உள்ளே போனார்கள். வாசலைத் தாண்டும்போது சிலர் பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் தலையிலும் நிறுவனர் படம் போட்ட தொப்பி வைக்கப்பட்டது. உட்கார நாற்காலி விருந்தாளிகளுக்கு மட்டும் இருந்தது. தாளாளர் பேசினார், விருந்தாளி பேசினார், இன்னொரு விருந்தாளி முதல் விருந்தாளி பேசியதைப் பேசினார். பன்னிரண்டு மணி வாக்கில் உலகநாதன் பந்தல்காலில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி அதன் மேல் கவிழ்த்தார். அதோடு செத்துப்போனார்.

தாளாளர் மேடையிலிருந்து கண்ணைக் காட்ட, இரண்டு ஊழியர்கள் உடலைத் தூக்க வந்தார்கள். அப்போது அந்தக் கிழவர்கள் முதல் தடவையாக நகர்ந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே போய் நின்றார்கள், நிழல் வரிசையும் வெயில் வரிசையும் கலந்து. அவர்களில் ஒருவர் சாதாரணக் குரலில் சொன்னார். "சங்கு ஊதட்டும். தூக்குவோம்."

செங்கதிர் ஊதினாள். ஒற்றைச் சங்கு. மறுபடி ஊதினாள். ஒற்றை. வேலைக்கு இன்னும் ஆள் கூப்பிடுகிறார்களோ என்று ஊருக்குள்ளிருந்து சிலர் ஓடி வந்தார்கள். மூன்றாம் தடவை அவள் உதடு வெடித்து ரத்தம் வந்தது, அப்போதும் ஒற்றை. போலீசைக் கூப்பிடச் சொல்லித் தாளாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது மைக்கில் கேட்டது. அவள் வாத்தியத்தை இறக்கினாள். கூட்டத்துக்கு நடுவில் நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, ஊதுறவரு பேரச் சொல்லுங்க," என்றாள்.

பிச்சையா நூறு ஆலை வாசல்களில் மைக் இல்லாமல் பேசியவர். அவருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பேரைச் சொன்னால் இரட்டைச் சங்கு ஊதும். இரட்டைச் சங்கு ஊதினால் ஷிப்டு முடியும். ஷிப்டு முடிந்தால் அந்த வாக்கியம் செத்துவிடும், வழக்கு செத்துவிடும், இந்த நிலம் போய்விடும், அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்க்காமல் உட்கார்ந்து காத்ததெல்லாம், பேச்சியம்மாள் விரல் தேய்ந்ததெல்லாம், இந்தப் பந்தலோடு பிரித்து எடுத்துப் போகப்படும். சொல்லாவிட்டால் உலகநாதன் அங்கேயே கிடப்பார். இன்னொன்றும் தெரிந்தது. அந்த வாக்கியமே அவருடையது அல்ல. மூன்று மணி ஆகவில்லை என்று சொன்னவனுடையது. அவர் அதை நீட்டி எழுதி, கீழே தம் பேரைப் போட்டுக்கொண்டார்.

நமது தோழர் என்று ஆரம்பித்தார், பழக்கத்தில். அது நின்றுபோனது. வெயில் வரிசைக்காரர்கள் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்கள்.

"ஏசுவடியான்," என்றார். "பாய்லர் ஏசுவடியான். ஒரு மணிக்கு ஊதச் சொன்னாங்க, மூணு மணி ஆகலன்னான். அதுக்குத்தான் அடிச்சுக் கொன்னாங்க. நோட்டீசுல அவன் பேரு இருந்தது. நான்தான் எடுத்தேன்."

செங்கதிர் ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஊதினாள். ஒன்று. மலைக்குப் போய் வந்தது. பிறகு இரண்டு.

நண்பகல்தான், ஆனாலும் அது மூன்று மணிச் சங்கு. மேடையில் இருந்தவர்கள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். கிழவர்கள் தொப்பிகளைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். இல்லாத பஞ்சுத் தூசியைத் தலையிலிருந்து தட்டினார்கள். உலகநாதனை இரண்டு வரிசைக்காரர்களும் சேர்ந்து தூக்கி, வாசலைத் தாண்டினார்கள். தாண்டும்போது வேலை விட்டுப் போகிறவர்கள் பேசிக்கொள்வதைப் போலப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருவர் இருமினார், ஒருவர் பீடி கேட்டார். பிச்சையாவைக் கடக்கையில் வடக்குத் தெருக்காரர் ஒருவர் மட்டும் நின்று, "அந்தப் பேர ஆலைக்காரன் முன்னால சொல்லணுமா வே," என்று கேட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் வாசலில் யாரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வடைக்கடை முதலில் போனது, டீக்கடை பிறகு போனது. இருபத்திரண்டு வருஷம் நடந்த வழக்கு மூன்று வாய்தாவில் முடிந்தது. இரட்டைச் சங்கு ஊதியதற்கும், தொழிலாளர்கள் தாங்களாகவே வெளியேறியதற்கும் படம் இருந்தது, மேடை நிறையச் சாட்சிகள் இருந்தார்கள், சங்கச் செயலாளரே பக்கத்தில் நின்றிருந்தார். தீர்ப்பில் ஷிப்டு முடிந்த நேரம் பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து என்று குறித்திருந்தார்கள். மழைக்கு முன்னால் நிலத்தில் மனைக் கல் நட்டாயிற்று. வேப்பமரத்தை வெட்டினார்கள்.

டிராம்போன் அன்றோடு மற்ற டிராம்போன்களைப் போல ஆகிவிட்டது. வேண்டுமானால் வேறு வாத்தியம் எடுத்துக்கொள், எழுத்தரிடம் நான் சொல்கிறேன் என்றார் மாஸ்டர். எச்சில் பட்டது மாறாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் செங்கதிர். நிறுவனர் வாழ்த்துப் பாட்டில் டிராம்போனுக்கு எழுபத்திரண்டு எண்ணும்வரை வேலை இல்லை, பிறகு நான்கு சுரம். அவள் எழுபத்திரண்டும் எண்ணி, நான்கையும் ஊதுவாள். தகப்பனோடு அவள் பேசாமல் இல்லை. சோறு வேண்டுமா என்று கேட்பாள்.

பிச்சையா இன்னொரு துண்டறிக்கை அடித்தார். அச்சகத்துக்காரர் மூன்று தடவை கேட்டார், இது மட்டும்தானா என்று. இது மட்டும்தான். முழுத்தாள், நடுவில் பெரிய எழுத்தில் ஏசுவடியான் என்ற ஒரே பேர், வேறொன்றும் இல்லை, அடியில் செயலாளர் பேர் இல்லை. ஐந்நூறு தாளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் தெற்குக் காலனிக்குப் போனார். ஞானப்பூ முற்றத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, ஓரம் மடங்காமல் கட்டின் மேலேயே திருப்பி வைத்தாள்.

"எங்க தெருவுல இந்தப் பேரு தெரியாத ஆளு இல்ல," என்றாள். "வடக்க கொண்டு போங்க."

அவர் கொண்டுபோனார். வடக்குத் தெருவில் முதல் வீட்டில், பாய்லருக்கு அடுத்த கொட்டகையில் ஏசுவடியானோடு பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கியும் பார்த்தார்.

"மிச்சம் எங்க வே?" என்று கேட்டார்.

பிச்சையா அடுத்த வீட்டுக்குப் போனார்.